தோற்றும் வென்ற வழக்கு: ஏ.கே. கோபாலன்

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் ஒரு மாணவன் காலையில் பஸ் ஏறுகிறான். காவிரிப் பாலத்தைத் தாண்டி, சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி, மலைக்கோட்டைக்கு நடந்து போகிறான். வழியில் யாரும் அவனைத் தடுப்பதில்லை. எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்று எந்த அதிகாரியும் கேட்பதில்லை. இதில் என்ன அதிசயம் என்று தோன்றுகிறது அல்லவா?

நம் அரசியல் சட்டம் நமக்குக் கொடுத்திருக்கும் உரிமைகளில் இதுவும் ஒன்று. நாட்டில் எங்கும் சுதந்திரமாக நடமாடும் உரிமை! ஆனால் ஒருநாள் போலீஸ்காரர் வந்து ஒருவரைச் சிறைக்கு அழைத்துப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்மீது வழக்கு இல்லை. விசாரணை இல்லை. தண்டனையும் இல்லை. ஆனாலும் சிறை. அப்போது அவருடைய நடமாடும் உரிமை என்ன ஆகும்?

இந்தக் கேள்வியை நம் நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் முதன்முதலில் பெரிய அளவில் எழுப்பியவர், அப்போது சிறையில் இருந்த ஒருவர். அவர் பெயர் ஏ.கே. கோபாலன். மக்கள் அவரை ஏ.கே.ஜி. என்று அழைத்தார்கள். அவர் வழக்குப் போட்டது சென்னை அரசின்மீது. கேரளக்காரர் சென்னை அரசின்மீது ஏன் வழக்குப் போட்டார் என்று கேட்கிறீர்களா? அந்தக் காலத்தில் கேரளத்தின் வடபகுதியான மலபாரும், நம் திருச்சியும் ஒரே சென்னை மாகாணத்தில்தான் இருந்தன. கண்ணூர்க்காரருக்கும் ஸ்ரீரங்கத்துக்காரருக்கும் அரசாங்கம் ஒன்றுதான்!

வாத்தியார் வேலையை விட்டவர்

ஆயில்யத் குட்டியாரி கோபாலன் 1904ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி, கண்ணூர் அருகே உள்ள பெரளசேரிப் பகுதியில் பிறந்தார். தலச்சேரியில் படித்தார். படிப்பு முடிந்ததும் பள்ளிக்கூட ஆசிரியர் ஆனார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது அவருக்குப் பிடித்த வேலை.

1930ஆம் ஆண்டு காந்தியடிகள் உப்புச் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கினார். நம் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் வேதாரண்யத்துக்கு நடந்தது அந்த ஆண்டில்தான். மலபாரிலும் அதே வேகம். கோபாலன் வேலையை விட்டுவிட்டுப் போராட்டத்தில் குதித்தார். சிறைக்குப் போனார். அதுதான் ஆரம்பம். அதன்பின் அவர் எத்தனையோ முறை சிறைக்குப் போய்த் திரும்பினார்.

அடுத்த ஆண்டு குருவாயூரில் ஒரு போராட்டம். தாழ்த்தப்பட்டவர்களையும் கோயிலுக்குள் விடவேண்டும் என்று கேளப்பன் தலைமையில் 1931 நவம்பரில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. தொண்டர் படைக்குத் தலைவர் கோபாலன். அங்கே அவர் கடுமையாகத் தாக்கப்பட்டார். அடி வாங்கியும் அவர் இடத்தை விட்டு நகரவில்லை.

1936ஆம் ஆண்டு இன்னொரு முயற்சி. வேலையில்லாமலும் பசியாலும் மக்கள் வாடிய காலம் அது. அந்தக் கஷ்டத்தை அரசுக்குச் சொல்ல வேண்டும் என்று தொண்டர்களைக் கூட்டிக்கொண்டு, கண்ணூரிலிருந்து சென்னைக்குக் கால்நடையாகவே கிளம்பினார் கோபாலன். வழிநெடுக ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பேசினார்கள். மக்கள் கொடுத்ததைச் சாப்பிட்டார்கள். பட்டினி ஊர்வலம் என்றே அதற்குப் பெயர் வந்தது.

காங்கிரசில் இருந்த அவர் பிறகு கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். இரண்டாம் உலகப்போர் நடந்தபோது ஆங்கிலேய அரசு அவரைப் பிடித்து வேலூர் சிறையில் அடைத்தது. 1941இல் சில தோழர்களுடன் சிறைச் சுவரில் துளை போட்டுத் தப்பினார்! போர் முடியும்வரை தலைமறைவாகவே வாழ்ந்தார்.

சிறைக்குள் சுதந்திர தினம்

1947 ஆகஸ்ட் 15. நாடு முழுவதும் கொண்டாட்டம். தெருவெல்லாம் கொடி. பள்ளிக்கூடத்தில் மிட்டாய். ஆனால் விடுதலைக்காகப் பல தடவை சிறை சென்ற கோபாலன் அன்றைக்கு எங்கே இருந்தார் தெரியுமா? கண்ணூர் சிறையில்!

அவர் மனம் தளரவில்லை. காலையில் தேசியக்கொடியைக் கையில் ஏந்தி, சிறை வளாகத்துக்குள்ளேயே நடந்தார். சிறைவாசிகள் கூடிக் கொடியேற்றினார்கள். வெளியே சுதந்திரம், உள்ளே பூட்டு. அந்த நாளை அவர் தன் வாழ்க்கை வரலாற்றிலும் எழுதி வைத்தார்.

சில வாரங்களில் வெளியே வந்தார். ஆனால் அந்த ஆண்டு டிசம்பரிலேயே மறுபடியும் கைது. இம்முறை கைது செய்தது ஆங்கிலேய அரசு அல்ல, நம்முடைய சொந்த அரசு.

அவர்மீது வழக்குகள் போடப்பட்டன. தண்டனையும் கிடைத்தது. மேல் நீதிமன்றங்களில் அந்தத் தண்டனைகள் ரத்தாயின. தண்டனை ரத்தானால் வீட்டுக்குப் போகவேண்டியதுதானே? போக முடியவில்லை. தடுப்புக் காவல் உத்தரவு ஒன்று அவரைச் சிறையிலேயே வைத்தது.

அது என்ன தடுப்புக் காவல்?

சாதாரணமாக ஒருவர் குற்றம் செய்தால்தான் தண்டனை. திருடினார் என்றால் போலீஸ் வழக்குப் போடும். சாட்சிகள் வருவார்கள். அவருக்காக வக்கீல் வாதாடுவார். நீதிபதி கேட்டு முடிவு சொல்வார். குற்றம் நிரூபணம் ஆனால் சிறை. இல்லாவிட்டால் விடுதலை.

தடுப்புக் காவல் அப்படி இல்லை. ஒருவர் இனிமேல் ஏதாவது செய்துவிடுவார் என்று அரசு நினைத்தாலே போதும், அவரை முன்கூட்டியே அடைத்து வைக்கலாம். நடந்த குற்றத்துக்காக அல்ல, நடக்கக்கூடும் என்று நினைப்பதற்காகச் சிறை. உள்ளே போனவர் தான் குற்றவாளி இல்லை என்று நிரூபிக்க விசாரணையே கிடையாது.

சுதந்திரம் வந்த புதிதில் நாடு பெரிய குழப்பத்தில் இருந்தது. பிரிவினைக் கலவரங்கள், காஷ்மீரில் சண்டை, சில இடங்களில் ஆயுதக் கிளர்ச்சி. கம்யூனிஸ்ட் கட்சிக்குச் சென்னை மாகாணத்தில் தடை இருந்தது. நாட்டைக் காப்பாற்ற இப்படி ஒரு சட்டம் தேவை என்பது அரசின் பக்க நியாயம். அதையும் நாம் மறக்கக் கூடாது. ஆனால் இவ்வளவு பெரிய அதிகாரத்தை அரசு தவறாகப் பயன்படுத்தினால் யார் கேட்பது? அதுதான் கேள்வி.

1950 ஜனவரி 26. நம் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நாம் குடியரசு ஆனோம். இரண்டு நாள் கழித்து, ஜனவரி 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தொடங்கப்பட்டது. அதற்கடுத்த மாதமே நாடாளுமன்றம் தடுப்புக் காவல் சட்டத்தை நிறைவேற்றியது. மார்ச் 1ஆம் தேதி, ஏற்கெனவே சிறையில் இருந்த கோபாலனிடம் அந்தப் புதுச் சட்டத்தின்படி ஓர் உத்தரவு நீட்டப்பட்டது. உரிமைகளைத் தரும் சட்டம் வந்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை!

ஆளைக் கொண்டு வா!

கோபாலன் முன்பு ஒரு சிறையில் சுவரைத் துளைத்தவர். இந்தமுறை அவர் கையில் எடுத்தது சட்டப் புத்தகம்.

புது அரசியல் சட்டத்தில் 32ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அடிப்படை உரிமை பறிபோனால் யாராக இருந்தாலும் நேராக உச்ச நீதிமன்றத்துக்கே போகலாம் என்கிறது அது. பணக்காரர், ஏழை, சிறைவாசி என்ற வித்தியாசம் இல்லை. டாக்டர் அம்பேத்கர் அந்தப் பிரிவை அரசியல் சட்டத்தின் இதயமாகவே கருதினார்.

அந்த வழியில் கோபாலன் போட்டது ஆட்கொணர்வு மனு. பெயரிலேயே பொருள் இருக்கிறது. அடைத்து வைத்திருக்கும் ஆளை நீதிமன்றத்துக்குக் கொண்டு வா, எந்தச் சட்டப்படி அடைத்தாய் என்று சொல், சரியான காரணம் இல்லாவிட்டால் விட்டுவிடு என்று நீதிமன்றம் அரசுக்கு உத்தரவு போடும்படி கேட்பது. இது மிகப் பழைய வழக்கம். இங்கிலாந்தில் 1679ஆம் ஆண்டிலேயே இதற்கென்று தனிச் சட்டம் செய்தார்கள். மன்னருடைய ஆட்கள் நினைத்தவரைப் பிடித்து நிலவறையில் போடுவதைத் தடுக்க வந்த ஆயுதம் இது.

அன்றைக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சொந்தக் கட்டடம்கூடக் கிடையாது. டில்லியில் நாடாளுமன்றக் கட்டடத்திலேயே ஒரு மண்டபத்தில்தான் நடந்து வந்தது. அங்கே தலைமை நீதிபதி ஹரிலால் கனியா உள்பட ஆறு நீதிபதிகள் இந்த வழக்கைக் கேட்டார்கள். அவர்களில் ஒருவர் நம் சென்னையிலிருந்து போன பதஞ்சலி சாஸ்திரி.

கோபாலனுக்காக வாதாடியவர் சென்னையில் புகழ்பெற்ற வக்கீலான எம்.கே. நம்பியார். எதிர்ப்பக்கம் இந்திய அரசின் தலைமை வழக்கறிஞர் எம்.சி. செதல்வாட். புது அரசியல் சட்டத்தின் உரிமைகளுக்கு என்ன பொருள் என்று இவ்வளவு விரிவாக நடந்த முதல் வாதம் இதுதான். வக்கீல்களுக்கும் புதுசு, நீதிபதிகளுக்கும் புதுசு!

மூன்று கேள்விகள்

எம்.கே. நம்பியாரின் வாதத்தை நம் ஊர் உதாரணத்தோடு பார்ப்போமா?

முதல் கேள்வி. ஸ்ரீரங்கத்து மாணவன் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போகும் உரிமையைச் சொல்வது அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு. அந்த உரிமைக்கு அரசு கட்டுப்பாடு போடலாம். ஆனால் அது நியாயமான கட்டுப்பாடாக இருக்கவேண்டும் என்கிறது அதே பிரிவு. பாலத்தில் பழுது பார்க்கும்போது வண்டிகளை நிறுத்துவது நியாயமான கட்டுப்பாடு. சிறையில் அடைத்தவனால் பாலத்துக்கே வர முடியாதே! அப்படியானால் சிறையில் அடைக்கும் சட்டமும் நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்கவேண்டாமா?

இரண்டாவது கேள்வி. சட்டம் வகுத்த முறைப்படி அல்லாமல் யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்பது 21ஆவது பிரிவு. சட்டம் வகுத்த முறை என்றால், நாடாளுமன்றம் எதை எழுதினாலும் சரி என்று பொருளா? அல்லது அந்த முறை நேர்மையாக இருக்கவேண்டுமா?

மூன்றாவது கேள்விதான் ரொம்ப விசித்திரமானது. தடுப்புக் காவல் சட்டத்தில் 14ஆவது பிரிவு என்று ஒன்று. காவலில் இருப்பவருக்கு, எதற்காக அடைத்தோம் என்று அரசு ஒரு காகிதத்தில் காரணங்களை எழுதிக் கொடுக்கும். ஆனால் அந்தக் காகிதத்தில் இருப்பதை அவர் நீதிமன்றத்தில் சொல்லக் கூடாது! நீதிமன்றமும் கேட்கக் கூடாது! மீறிச் சொன்னால் அதுவே குற்றம்!

யோசித்துப் பாருங்கள். பரீட்சையில் மார்க் குறைந்துவிட்டது. தலைமை ஆசிரியரிடம் முறையிடலாம். ஆனால் விடைத்தாளை மட்டும் அவரிடம் காட்டக் கூடாது என்றால் எப்படி இருக்கும்? கோபாலனின் நிலை அதுதான்.

தீர்ப்பு என்ன?

1950 மே 19ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ஆறு நீதிபதிகளும் தனித்தனியாக எழுதினார்கள்.

முதல் இரண்டு கேள்விகளில் கோபாலன் தோற்றார். அரசியல் சட்டத்தின் ஒவ்வொரு பிரிவும் தனித்தனி. சிறை வைப்பதைப் பற்றிப் பேசும் பிரிவுகள் வேறு, நடமாடும் உரிமைப் பிரிவு வேறு. ஒன்றோடு ஒன்றைக் கலக்க வேண்டியதில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தார்கள். நாடாளுமன்றம் செய்த சட்டம் ஒரு முறையைச் சொல்லியிருந்தால் அது போதும் என்றார்கள். நான்கு பேர் மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். கோபாலன் சிறையிலேயே இருக்கவேண்டியதாயிற்று.

ஆனால் இரண்டு நீதிபதிகள் அதற்கு உடன்படவில்லை. ஒருவர் மகாஜன், இன்னொருவர் பசல் அலி. கோபாலனை விடுவிக்கவேண்டும் என்பது அவர்கள் முடிவு. உரிமைகள் தனித்தனிப் பெட்டிகள் அல்ல, ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை என்று பசல் அலி எழுதினார். அன்றைக்கு அது சிறுபான்மைக் கருத்து. அதனால் பயன் ஏதும் இல்லை என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள்.

மூன்றாவது கேள்வியில் கோபாலன் முழுதாக ஜெயித்தார். அந்த 14ஆவது பிரிவு செல்லாது என்று ஆறு பேருமே சொன்னார்கள். இனி காவலில் இருப்பவர் காரணக் காகிதத்தை நீதிமன்றத்தில் காட்டலாம். அது சிறிய வெற்றி அல்ல. எந்த ஊர்ச் சிறையில் அடைபட்டிருந்தவருக்கும் அந்த ஒரு கதவு திறந்தது. நாடாளுமன்றம் செய்த சட்டமாகவே இருந்தாலும், அரசியல் சட்டத்தை மீறினால் அந்தப் பகுதி நிற்காது என்பதையும் நாடு பார்த்தது.

கோபாலன் விடவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் மீண்டும் வழக்கு நடந்தது. 1951இல் அந்த நீதிமன்றத்தின் உத்தரவால் வெளியே வந்தார்.

சிறையிலிருந்து நாடாளுமன்றம்

வெளியே வந்த அடுத்த ஆண்டு சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் முடிந்தது. கண்ணூர் தொகுதியில் கோபாலன் ஜெயித்தார். தன்னைச் சிறையில் வைத்த சட்டத்தைச் செய்த அதே நாடாளுமன்றத்தில் போய் உட்கார்ந்தார்! காங்கிரசுக்கு அடுத்த பெரிய குழுவாக வந்த கம்யூனிஸ்ட் குழுவுக்கு அவர்தான் தலைவர். தொடர்ந்து ஐந்து பொதுத்தேர்தல்களில் மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

1950களின் கடைசியில் காபி வாரியம் தன் காபிக் கடைகளை மூடத் தொடங்கியது. தொழிலாளர்கள் வேலையிழந்து நின்றார்கள். நீங்களே சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கடையை நடத்துங்கள் என்று அவர்களுக்குத் துணை நின்றார் கோபாலன். அப்படி வளர்ந்தவைதான் கேரளத்தில் இன்றும் நடக்கும் இந்தியன் காபி ஹவுஸ் கடைகள். விசிறி வைத்த தலைப்பாகையோடு பரிமாறுபவர்களைக் கேரளத்துக்குச் சுற்றுலா போனவர்கள் பார்த்திருப்பீர்கள்.

பொன்மலையிலிருந்து ஒரு கடிதம்

கோபாலன் நடந்த அதே பாதையில் நம் ஊர்க்காரர் ஒருவரும் நடந்தார். திருச்சி பொன்மலை ரயில்வே தொழிலாளர் தலைவர் கே. ஆனந்த நம்பியார்தான் அவர். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், வழக்கறிஞர் எம்.கே. நம்பியார் வேறு, இவர் வேறு.

ஆனந்த நம்பியார் சென்னைச் சட்டசபை உறுப்பினராக இருந்தபோதே தடுப்புக் காவலில் வைக்கப்பட்டார். சட்டசபைத் தலைவருக்குச் சிறையிலிருந்து கடிதம் எழுத அவருக்கு உரிமை உண்டா, சிறை அதிகாரி அதைத் தடுத்து வைக்கலாமா என்ற கேள்வி வந்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சபைக்கு நேரில் போக அனுமதி கிடைக்கவில்லை. ஆனால் உறுப்பினராக இருக்கும்வரை சபைத் தலைவருக்குக் கடிதம் எழுதும் உரிமை அவருக்கு உண்டு, அதைத் தடுக்க எந்த அதிகாரிக்கும் உரிமை இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. மக்கள் பிரதிநிதி சிறையில் இருந்தாலும் அவருடைய குரல் சபைக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதுதான் இதன் பொருள். பிற்காலத்தில் நாடாளுமன்ற நடைமுறை பற்றிய நூல்களிலும் இந்த வழக்கு இடம்பெற்றது.

1962இல் ஆனந்த நம்பியார் திருச்சித் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். அந்த ஆண்டு சீனாவுடன் போர் மூண்டது. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. போர் முடிந்த பிறகும் நெருக்கடி நிலை நீடித்தது. 1964 டிசம்பர் கடைசியில் ஆனந்த நம்பியாரும், புதுக்கோட்டை நாடாளுமன்ற உறுப்பினர் ஆர். உமாநாத்தும் காவலில் வைக்கப்பட்டார்கள். இருவரும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். கோபாலனும் அந்தச் சமயம் காவலில் இருந்தார். அவரும் மறுபடி உச்ச நீதிமன்றக் கதவைத் தட்டினார்!

1965 அக்டோபரில் ஆனந்த நம்பியார் வழக்கில் தீர்ப்பு வந்தது. நெருக்கடி நிலையில்கூட, காவல் உத்தரவுக்கு அடிப்படையான சட்டமே செல்லாது என்று ஒருவர் சொன்னால் அதை நீதிமன்றம் கேட்கலாம் என்று நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் நாடாளுமன்ற உறுப்பினர் என்பதற்காக மட்டும் தடுப்புக் காவலிலிருந்து ஒருவர் தப்ப முடியாது என்று சொல்லி மனுக்களைத் தள்ளிவிட்டார்கள். கோபாலனுக்கும் தோல்விதான்.

தோல்விமேல் தோல்வி. பிறகு ஏன் வழக்குப் போட்டார்கள்? ஒவ்வொரு முறையும் அரசு நீதிமன்றத்துக்கு வந்து, ஏன் அடைத்தேன் என்று எல்லார் முன்னிலையிலும் பதில் சொல்லவேண்டி வந்தது. அந்தக் கேள்வியும் பதிலும் எழுத்தில் பதிவானது. அடுத்து வருபவர் அதைப் படித்துவிட்டு இன்னும் நன்றாக வாதாடலாம். சுவரில் ஒருவர் ஒரு செங்கல்லை அசைத்தால், அடுத்தவருக்கு வேலை கொஞ்சம் எளிது.

அவர் பார்க்காத வெற்றி

1970ஆம் ஆண்டு வங்கிகள் தேசியமயமாக்கப்பட்ட வழக்கில் பதினோரு நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு உரிமையும் தனித்தனிப் பெட்டி என்ற பழைய எண்ணம் சரியில்லை என்று அதில் முடிவானது. இருபது ஆண்டுகளுக்கு முன் கோபாலன் வழக்கில் பசல் அலி தனியாக நின்று சொன்னது அப்போது பெரும்பான்மை நீதிபதிகளுக்கு நியாயமாகப் பட்டது.

ஆனால் வழி நேராக இல்லை. 1975 ஜூன் மாதம் மறுபடி நெருக்கடி நிலை. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில். பத்திரிகைகளுக்குத் தணிக்கை. அப்போது கோபாலனுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. உடம்பும் சரியில்லை. ஆனாலும் அந்த ஜூலையில் மக்களவையில் எழுந்து நின்று நெருக்கடி நிலையை எதிர்த்துப் பேசினார். 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே, நெருக்கடி நிலை இருக்கும்வரை சிறையில் இருப்பவர்கள் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் அதை ஏற்கவில்லை.

1977 மார்ச் 21ஆம் தேதி நெருக்கடி நிலை விலக்கப்பட்டது. மறுநாள் மார்ச் 22ஆம் தேதி, ஏ.கே. கோபாலன் காலமானார்.

அதற்குப் பத்து மாதம் கழித்து, 1978 ஜனவரி 25ஆம் தேதி ஒரு தீர்ப்பு வந்தது. மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை அன்றைய அரசு காரணம் சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டது. அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். ஏழு நீதிபதிகள் விசாரித்தார்கள். ஒருவருடைய சுதந்திரத்தைப் பறிக்கும் முறை சட்டத்தில் எழுதியிருந்தால் மட்டும் போதாது, அது நேர்மையாகவும் நியாயமாகவும் இருக்கவேண்டும் என்று முடிவானது. உரிமைப் பிரிவுகளைச் சேர்த்தே படிக்கவேண்டும் என்றும் சொன்னார்கள். 1950இல் எம்.கே. நம்பியார் கோபாலனுக்காகக் கேட்ட முதல் இரண்டு கேள்விகள் நினைவிருக்கிறதா? அவற்றுக்குக் கிடைத்த பதில் இது. இருபத்தெட்டு ஆண்டு தாமதமாக வந்த பதில்!

அந்த ஆண்டே அரசியல் சட்டமும் திருத்தப்பட்டது. இனி நெருக்கடி நிலை வந்தாலும் 21ஆவது பிரிவு தரும் உயிர், சுதந்திரப் பாதுகாப்பை நிறுத்தி வைக்க முடியாது. 2017இல் தனியுரிமையும் அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னபோதும், கோபாலன் வழக்கை எடுத்து அலசினார்கள்.

இன்றைக்கும்...

தடுப்புக் காவல் ஒழிந்துவிட்டதா? இல்லை. 1950ஆம் ஆண்டுச் சட்டம் 1969 கடைசியில் காலாவதியானது. ஆனால் வேறு சட்டங்கள் வந்தன. தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் என்று செய்தித்தாளில் படிக்கிறீர்களே, 1982ஆம் ஆண்டு வந்த அந்தச் சட்டமும் தடுப்புக் காவல் சட்டம்தான். ரௌடிகளிடமிருந்து மக்களைக் காக்க அது வேண்டும் என்பவர்கள் உண்டு. அதைத் தவறாகப் பயன்படுத்தக் கூடாது என்பவர்களும் உண்டு.

ஒரு வித்தியாசம் இருக்கிறது. இன்றைக்குத் திருச்சியில் ஒருவரை அந்தச் சட்டத்தில் அடைத்தால், அவர் வீட்டார் மதுரையில் உள்ள உயர் நீதிமன்றக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடலாம். காரணக் காகிதத்தை நீதிபதிகள் வாங்கிப் படிப்பார்கள். காகிதம் அவருக்குப் புரியும் மொழியில் கொடுக்கப்பட்டதா, தாமதம் ஆனதா என்றெல்லாம் கேட்பார்கள். சரியில்லை என்றால் உத்தரவை ரத்து செய்வார்கள். அந்தக் காகிதத்தை நீதிமன்றத்தில் காட்டும் உரிமை, 1950 மே மாதம் ஒரு சிறைவாசி தோற்ற வழக்கில் நமக்குக் கிடைத்தது.

நினைவில் வைக்க

ஆட்கொணர்வு மனு: அடைத்து வைக்கப்பட்டவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுவரக் கேட்கும் மனு. அவருக்காக உறவினரோ நண்பரோகூடப் போடலாம்.

32ஆவது பிரிவு: அடிப்படை உரிமைக்காக நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போகும் வழி. உயர் நீதிமன்றத்துக்குப் போக 226ஆவது பிரிவு.

21ஆவது பிரிவு: உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காவல்.

அடுத்த தடவை நூலகம் போகும்போது அரசியல் சட்டப் புத்தகத்தின் தமிழ்ப் பதிப்பைக் கேட்டு வாங்கி, இந்த மூன்று எண்களையும் தேடிப் பாருங்கள். 19, 21, 32. மூன்றும் சில வரிகள்தான். அந்தச் சில வரிகளுக்கு என்ன பொருள் என்று கேட்டு, சிறைக்குள்ளிருந்து முதல் வழக்கைப் போட்டவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்!